சக்கரத்தடியில் இருந்த கல்

ஒருவரை எட்டுப் பேர் முன்னால் திட்டிவிட்டால், மன்னிப்பை எத்தனை பேர் முன்னால் கேட்க வேண்டும்?

பத்து நாளாக யோசிக்கிறேன். இன்னும் விடை தெரியவில்லை.

திருப்புலிவனம் பக்கம் எங்களுக்குச் சின்ன மாட்டுப் பண்ணை. பதினொரு கறவை மாடுகள், நான்கு கன்றுகள், ஒரு பழைய டிராக்டர். அதன் பேட்டரி பாதி நாள் வேலை செய்யாது. அதனால் தீவன ஷெட் பக்கத்துச் சரிவில்தான் நிறுத்துவோம் – உருட்டி ஸ்டார்ட் செய்யலாமே. பிரேக்கும் சரியாகப் பிடிக்காது, கியரும் சில நேரம் நழுவிவிடும். கியரில் போட்டு, முன் சக்கரத்தடியில் ஒரு கருங்கல்லை வைத்துவிட்டுத்தான் டிரைவர் ஏழுமலை அண்ணன் இறங்குவார். ஒன்பது வருடமாக அப்படித்தான்.

அன்று சாயங்காலம் என் நான்கு வயது மகளை டிராக்டரில் உட்கார வைத்து போட்டோ எடுத்தேன். ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பத்தான். எடுத்து முடித்து, மகளை இறக்கிவிட்டு, பால் ஊற்றப் போய்விட்டேன்.

அரை மணி நேரம் இருக்கும். பால் வாங்க எட்டுப் பேர் தூக்கோடு நிற்கிறார்கள். டிராக்டர் தானாக இறங்கி வந்தது. தண்ணீர்த் தொட்டியை இடித்து உடைத்துவிட்டு நின்றது. தொட்டிக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த கன்றுக்கு முழங்காலில் சிராய்ப்பு. சற்று முன்புவரை என் மகள் அந்தத் தொட்டியில்தான் கை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்...

என் பயம் வாய் வழியாக வந்தது.

“ஏழுமலை, கல்லு வைக்கணும்னு தெரியாதா? குழந்தை விளையாடுற இடம். சோறுதானே திங்கிறே?”

என்னைவிட இருபது வயது மூத்தவர். ‘அண்ணா’ எங்கே போனது? ‘நீங்க’ எங்கே போனது?

“வெச்சேனேம்மா...” என்றார். அப்புறம் குரல் இறங்கியது. “வெச்சேன்னுதான் நெனச்சிக்கினு கீறேன்.”

“இன்னாய்யா ஏழுமல, கல்ல வூட்டுக்கு எடுத்துக்கினு பூட்டியா?” என்றார் தூக்கோடு நின்ற ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

மகள் என் புடவையை இழுத்தாள். “அம்மா, கல்லு...” “சும்மா இரு” என்று அதட்டினேன்.

மகள் தூங்கிய பிறகு தங்கைக்கு அனுப்ப போட்டோக்களைப் பார்த்தேன். முதல் படத்தில் சக்கரத்தடியில் கல் இருந்தது. இரண்டாவதில் இல்லை.

சாணி அப்பிய கல், படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று நானே காலால் தள்ளிவிட்டிருக்கிறேன். திரும்ப வைக்க மறந்தும் போயிருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஏழுமலை அண்ணன் சாவியை நீட்டினார். “வேற ஆள் பாத்துக்கம்மா. எனக்கு ஞாபகம் நிக்க மாட்டேங்குது. நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா?”

மனிதர் ஒரே ராத்திரியில் தன்னையே நம்பாமல் போயிருந்தார்.

போட்டோவைக் காட்டினேன். சொன்னேன். அழுதேன். கன்றுகளைத் தவிர அங்கே யாரும் இல்லை.

அவர் வெகுநேரம் படத்தையே பார்த்தார். “அப்போ நான் வெச்சிருக்கேன்” என்றார். மறுபடியும் அதையே சொன்னார். கோபமே இல்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“சாயங்காலம் எல்லார் கிட்டயும் சொல்லிடறேன் அண்ணா.”

“வேணாம்மா. இன்னா பேசுவானுங்க? வேலை போயிடுமேன்னு நானே உன்னக் கெஞ்சி சொல்ல வெச்சேன்னுவானுங்க. வுடு.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அவர் இரண்டு கல் வைக்கிறார். பால் வாங்க வருபவர்கள் தினமும் கேட்கிறார்கள்: “இன்னா ஏழுமல, கல்லு பத்திரமா?” அவர் சிரிக்கிறார். நான் பாலை அளந்து ஊற்றுகிறேன்.

இதில்கூட அவர் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவருக்காகவா, எனக்காகவா?

அவர் வேண்டாம் என்ற பிறகும் அந்த எட்டுப் பேரிடம் சொல்லலாமா? சொன்னால் அவருக்குக் கெடுதல் வராமல் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள் – மகள் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாள்.