கனடாவுக்குப் போன நாலு எல்லை

எங்கள் வட்டாரத்தில் முட்டாள்களுக்கென்று ஒரு சங்கம் இருந்திருந்தால், போட்டியே இல்லாமல் நான் தலைவராகியிருப்பேன். அதற்கான அத்தாட்சி இன்னும் என் பீரோவில் கிடக்கிறது. எழுபதுகளின் கடைசியில் போடி வக்கீலய்யா எனக்காக டைப் அடித்த விசா மனுவின் கார்பன் நகல் அது. மூன்றாம் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து. கனடாக்காரன் பார்க்கப் போகிறானே என்று ஒரு நோட்டு முழுக்கப் போட்டுப் பழகிய கையெழுத்து. கீழே ஒரு சுழி வேறு.

அப்போது நான் வெல்டர். குரங்கணிக்கு மேலே ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர்களில், சூடு கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள் ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடுவேன். மலைப்பாதையில் அடிச்சட்டம் விரிசல் விட்டுப் படுத்துவிட்ட ஜீப்புகளையும் எழுப்பி விடுவேன். குரங்கணிக் குளிருக்கே இரண்டு கம்பளி கேட்கிறவனுக்குக் கனடா ஆசை வந்தது. அங்கே வெல்டர்களுக்குக் குடியேற்ற விசா தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், என் வெல்டிங் செட்டைப் போடியில் ஒரு பட்டறைக்காரருக்கு விற்றுவிட்டேன். விசா வருவதற்கு முன்னாலேயே விற்றேன் என்பதைக் கவனிக்கவும்.

வக்கீலய்யா வரப்புத் தகராறிலும் எஸ்டேட் குத்தகை வழக்கிலும் புலி. விசா மனுவை அதற்கு முன் அவர் கண்ணால் கண்டதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கோர்ட்டில் ஜெயிக்கிறவருக்குக் கனடா எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

“ரெக்கார்டுதான்ப்பு பேசும். கொண்டா, என்னென்ன இருக்குன்னு பாப்போம்” என்றார்.

எஸ்டேட் மேனேஜர் தந்த அனுபவச் சான்றிதழ் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஏழு வருடம் வெல்டர் வேலை பார்த்தான் என்பதோடு நிறுத்தாமல், ‘தினக்கூலி’ என்றும் அந்த மனிதர் எழுதித் தொலைத்திருந்தார். ராசிங்காபுரத்தில் நாலு ஏக்கரும் கிணற்றில் பங்கும் உள்ள குடும்பம் எங்களுடையது. ஊரில் ஒருத்தரும் என் காதுபடக் கூலிக்காரன் என்றதில்லை. முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் சொல்லிவிட்டால்?

“அந்தச் சர்ட்டிபிகேட்டு வேணாம் வக்கீலய்யா. கூலின்னு தெரிஞ்சா மதிப்பானா? நமக்கு நெலம் இருக்கு, அதப் போடுங்க.”

“வெல்டருன்னு காட்ட வேற என்னப்பு வச்சிருக்க?”

“கூப்பிடட்டும், நேர்ல நின்னு ஒட்டிக் காட்டுறேன். நீங்க நெலத்தப் போடுங்க.”

நிலம் என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். அதன்பின் என்னையும் மறந்தார், கனடாவையும் மறந்தார். பட்டா, சர்வே நம்பர், நாலு எல்லை எல்லாம் ஏறின. கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே சித்தப்பா தோட்டம், வடக்கே ஓடை, தெற்கே பொதுக்கிணறு. ‘பரம்பரை நிலச்சுவான்தார்’ என்று என்னைத் தூக்கி உட்காரவைத்தார். வெல்டிங் ஒரே வரியில், பொழுதுபோக்கு மாதிரி வந்து போனது. இங்கிலீசை வாசித்து அவர் அர்த்தம் சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்தது. சுழித்துப் போட்டேன் கையெழுத்தை.

மனு டில்லியில் இருக்கும் கனடா ஆபீசுக்குப் போனது. பிறகு அலைச்சல். வாராவாரம் பஸ்சேறிப் போவேன். பாதி நாள் ஐயா உத்தமபாளையம் கோர்ட்டில் இருப்பார். அகப்பட்டால், “டில்லிக்காரனுக்கு ஒன் சோலி மட்டுந்தானா? வரும்ப்பு” என்பார். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பதாரர் விவசாயி என்று தெரிகிறது, வெல்டர் என்பதற்குச் சான்று இல்லை, நிராகரிக்கப்படுகிறது. சான்றிதழை வைத்து மறுபடி எழுதிக் கேட்பதற்குள், அங்கே வெல்டர் தேவையில்லை என்று ஆகிவிட்டது.

அதே பட்டறைக்குப் போய் நின்றேன். நான் விற்ற செட்டை வைத்தே வேலை பார்த்தேன், தினக்கூலிக்கு. இன்றுவரை அங்கேதான்.

பத்து வருடமாக நெஞ்சில் கிடந்து அறுத்த கேள்வியைப் போன வாரம் கேட்டேவிட்டேன். நகலை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். ஐயா இப்போது கோர்ட்டுக்குப் போவதில்லை.

“ஏன் வக்கீலய்யா, கிறுக்குப்பய ஒளர்றான்னு அன்னைக்கு ஒரு அதட்டு அதட்டியிருக்கக் கூடாதா? அதுக்குத்தான வக்கீலுன்னு ஒருத்தர்?”

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மூன்று பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். நாலு எல்லை வந்த இடத்தில் தலையாட்டி ரசிக்கவும் செய்தார். கடைசியில் அந்தச் சுழியின் மேல் விரலை வைத்தார்.

“கையெழுத்து யாருதுப்பு?”