பதினாறு பேருக்குச் சைகோனில் சோறு

கூட்டமாக ஆட்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகிற தொழிலில் கோயில், குகை, கடல் எல்லாமே இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் வந்துபோகிற சங்கதிகள்தான். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற அண்ணன்மாரும் தம்பிமாரும் இப்போதே தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

மதுரையில் ஒரு ஏஜென்சியில் பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் பெயரில் கூட்டம் கூட்டிப் போனவன் நான். போன வருஷம்தான் துணிந்து காரைக்குடியில் என் பெயரிலேயே போர்டு மாட்டினேன். முதல் பயணம் வியட்நாம். சைகோனில் ஐந்து நாள், பதினாறு பேர். அவர்களில் ஒருவர் மீனாட்சி ஆச்சி. எங்கள் ஊர்ச் செக்காலைப் பகுதியில் பலகாரக் கடை நடத்துகிறவர். அவர் தலைவியாக இருக்கும் மகளிர் மன்றத்தில் நாற்பது பேர் ஜப்பான் போகத் தயாராக இருந்தார்கள். "மொதல்ல நான் வந்து பாக்குறேன், பெறகு மத்தவுகளுக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அந்த நாற்பது பேர் வந்தால் என் போர்டு நிற்கும். வராவிட்டால் மறுபடி மதுரை, மறுபடி அடுத்தவர் நாற்காலி. வருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொதுவாகவே நான் சந்தேகப்படுகிற ஜாதி இல்லை.

ஐந்து மாதம்

'மூன்று வேளையும் நம் ஊர்ச் சமையல், நம் சமையல்காரர் கையால்' என்று நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அந்தச் சமையல்காரர் முத்தையா அண்ணன். சிங்கம்புணரிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அவர் கரண்டிக்குத் தனி மரியாதை. திருச்சி விமான நிலையத்தில் பதினாறு பேரும் உள்ளே போய்விட்டார்கள். முத்தையா அண்ணனை மட்டும் கவுண்டரில் நிறுத்தினார்கள். பாஸ்போர்ட் முடிய ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும், அவருக்கு ஐந்துதான் இருந்தது.

தப்பு முழுக்க என்னுடையது. மற்ற பாஸ்போர்ட்டையெல்லாம் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் பார்த்தவன், அவருடையதை 'நம்ம ஆள்தானே' என்று தேதியைக் கவனிக்காமல் நகலெடுத்து விசாவுக்கு அனுப்பியிருந்தேன். மின் அடுப்பும் மசாலாப் பொடிகளும் வந்த வேனிலேயே திரும்பிப் போயின. முத்தையா அண்ணன் போகிற போக்கில் கவுண்டரைப் பார்த்துச் சொன்னார்: "அஞ்சு நாள்ல வந்துருவேங்குறேன், பாஸ்போர்ட்டுல அஞ்சு மாசம் இருக்குங்குறேன், இவுக என்னமோ நான் அங்கயே குடித்தனம் வைக்கப் போற மாதிரி பேசுறாக!"

வீட்டில் இருந்த ஓ.டி.பி.

விமானத்தில் உட்கார்ந்ததும் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "போன் இருக்கு, ஆப் இருக்கு. நாம இருக்குற எடத்துக்குச் சோறு வரும்." சொன்னபோது நம்பித்தான் சொன்னேன். சைகோனில் இறங்கினேன், உள்ளூர் சிம் வாங்கினேன், சாப்பாடு கொண்டுவருகிற ஆப்பைப் போனில் ஏற்றினேன். ஒரு இந்தியக் கடையில் பதினாறு சாப்பாடு சொன்னேன். இவ்வளவு பெரிய ஆர்டருக்குக் கார்டில்தான் முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்றது ஆப். கட்டினேன். ஓ.டி.பி. கேட்டது. வங்கியில் நான் கொடுத்து வைத்திருக்கிற எண், காரைக்குடியில் என் மனைவி கையில் இருக்கிற போனுடையது.

முதல் ஓ.டி.பி. வந்தபோது போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. இரண்டாவது வந்தபோது அவள் வாசலில் கீரைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாவதை வாசித்துக் காட்டினாள், நான் தட்டி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. பதினாறு பேரும் ஹோட்டல் வரவேற்பறையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது தடவை ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பணம் போனது. போனை வைப்பதற்கு முன் ஒன்று சொன்னாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது: "வியட்நாம் போயும் சோத்துக்கு எங்கிட்டத்தான் வந்து நிக்கிறீக!"

நாலு வண்டி, ஒரு பந்தி

பதினாறு சாப்பாடு ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆப் அதை நாலாகப் பிரித்து நாலு வண்டியில் அனுப்பியது. ஹோட்டல்காரர்கள் காலைச் சிற்றுண்டி போடுகிற கூடத்தை எங்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். முதல் வண்டி வந்தது, நாலு டப்பா. ஆவி பறந்தது. யாரும் தொடவில்லை.

நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பந்தியில் கடைசி இலைக்கும் பரிமாறி முடிக்காமல் முதல் இலைக்காரர் கை வைக்க மாட்டார். "சாப்பிடுங்க, ஆறிப்போகும்" என்று கெஞ்சினேன். "மத்தவுகளுக்கு வரட்டும்" என்றார்கள் ஒரே குரலில். இரண்டாவது வண்டி கால் மணி நேரம் கழித்து வந்தது. மூன்றாவது வண்டி தெரு மாறிப் போய்விட்டது. போனில் அந்த வண்டிப் படம் எங்கள் ஹோட்டலைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பதினாறு பேரும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். நாலாவது வந்து சேர்ந்தபோது முதல் நாலு டப்பாவும் பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தன. எங்கள் உள்ளூர் வழிகாட்டி லின் என்ற பெண், திறந்து வைத்த சோற்றின் முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தவர்களை வெகுநேரம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "இவர்கள் சாமி வருவதற்காகக் காத்திருக்கிறார்களா?"

குருணை

மறுநாள் மதியம் உள்ளூர்ச் சாப்பாடே சொல்லிப் பார்ப்போம் என்று ஆப்பில் இருந்த பட்டியலைத் தமிழில் மாற்றினேன். 'உடைந்த அரிசிச் சோறு, கோழியுடன்' என்று வந்தது. அந்த ஊரில் அதற்குத்தான் கிராக்கி. அமராவதிபுதூர் அண்ணாமலை அண்ணன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் திருத்தாமல் விட மாட்டார். "அது குருணை. எங்க வீட்டுல கோழிக்குப் போடுறது" என்று முகத்தைச் சுளித்தார். நான் அசரவில்லை, பதினாறும் அதையே சொன்னேன். டப்பாவைத் திறந்தார், ஒரு வாய் வைத்தார். வழித்துத் தின்று முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "இம்புட்டு ருசியாத்தான் அந்தக் கோழிக இத்தன நாளாத் தின்னிருக்கு, நமக்குத்தான் தெரியல. இன்னொரு டப்பா சொல்லுங்க."

கொண்டுவந்தவருக்கும் ஒரு வாய்

மூன்றாம் நாள் சாப்பாடு கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஐம்பது வயதுக்காரர். மழையில் தொப்பலாக நனைந்து வந்திருந்தார். டப்பாக்களை வைத்துவிட்டுத் திரும்பியவரை மீனாட்சி ஆச்சி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆச்சிக்கு அவர் பாஷை தெரியாது. ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த தேன்குழலும் அதிரசமும் ஒரு தட்டில் வந்தன. அவரும் பாவம், ஆச்சி முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் சாப்பிட்டார்.

அடுத்த வீட்டுச் சாப்பாடு அவர் வண்டிப் பெட்டியில் இருந்தது. அவர் போன் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நேரத்துக்குப் போகாவிட்டால் அவருக்குக் கெட்ட பெயர் வரும் என்று நான் ஆச்சியிடம் எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஆச்சி அதிரசப் பொட்டலம் ஒன்றை அவர் கையில் திணித்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "சோறு கொண்டாந்த மனுசர வாசலோட அனுப்பிட்டு உள்ள உக்காந்து சாப்பிட எனக்குத் தெரியாது தம்பி, அது தெரிஞ்ச கூட்டமாப் பாத்துப் பிடிச்சுக்கங்க."

இரண்டு ஊர் அமாவாசை

அன்று மாலை முழுக்க ஆச்சி என்னோடு பேசவில்லை. நாற்பது பேரும் வரிசையாக எழுந்து போவது மாதிரி எனக்கு இருந்தது. நாலாம் நாள் அமாவாசை. அண்ணாமலை அண்ணன் தகப்பனாருக்காக விரதம் இருக்கிறவர். மதியம் ஒருவேளைதான், அதுவும் சைவம். "அண்ணே விரதம் இருக்கையில நாங்க கோழி கடிக்கிறதா" என்று மற்றவர்களும் சைவத்துக்கு வந்துவிட்டார்கள். எனக்கு இதில் கவலையே இல்லை. அந்த ஊரில் புத்தர் வழிச் சைவக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு, பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. இதை முதல் நாளே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

பதினொரு மணிக்குப் பதினாறு சாப்பாடு சொன்னேன். கடை ரத்து செய்தது. அடுத்த கடை, ரத்து. நாலு கடை ஆனதும் லின்னைக் கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: இன்று அவர்களுடைய சந்திர மாதத்துக்கு முதல் நாள், ஊரில் பாதிப்பேர் சைவம், எந்தக் கடையும் பெரிய ஆர்டர் எடுக்காது. அண்ணாமலை அண்ணன் காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை. அவர் சாப்பிடாததால் மற்றவர்கள் பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை. ஆச்சி திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன், அவரோ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

பதினாறு எடுக்க மாட்டார்கள், இரண்டு எடுப்பார்கள் அல்லவா? கூட்டத்தில் வேலை செய்கிற போன் எட்டு தேறியது. எட்டிலும் ஆப்பை ஏற்றினேன், எட்டிலும் ஹோட்டல் முகவரியை ஒட்டினேன், எட்டுக் கடையில் இரண்டிரண்டு சாப்பாடு, வண்டி வந்ததும் கையில் காசு. ஒரு கடையும் மறுக்கவில்லை. ஒவ்வொரு வண்டியும் வர வர, போனுக்குச் சொந்தக்காரர் வாசலுக்கு ஓடினார். வழக்கம்போல யாரும் தொடவில்லை. எட்டாவது வண்டி வந்தபோது மணி ஒன்றரை. மேஜையில் தாமரை விதைச் சோறு, காளான், தோஃபு, கீரை என்று எட்டுக் கடைச் சமையல். நான் நிமிர்ந்து நின்றேன்.

அண்ணாமலை அண்ணன் கரண்டியை எடுத்தார். "இருங்க" என்றார் ஆச்சி. "தம்பி, ஒங்களுக்கு எது?" எனக்கு இல்லை. மற்ற நாளெல்லாம் மிச்சம் மீதியில் என் பாடு ஓடிவிடும், அன்றைக்கு எட்டு போனில் எட்டுத் தடவை தட்டிய பரபரப்பில் என்னைச் சேர்க்க மறந்துபோனேன். பசியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். காலையிலிருந்து பட்டினி கிடந்த மனிதர் கரண்டியைக் கீழே வைத்தார். அதைப் பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. ஆச்சி ஒரு டப்பாவின் மூடியைத் திருப்பிப் போட்டு நீட்டினார். அது மேஜையைச் சுற்றி வந்தது, பதினாறு பேரும் ஆளுக்கொரு கரண்டிச் சோறு வைத்தார்கள். தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் உட்கார்ந்த பிறகு ஆச்சி சொன்னார்: "நாப்பது பேரையும் ஒங்களோடதான் அனுப்பப் போறேன், ஆனா எந்த ஊருக்குப் போனாலும் நாப்பத்தோரு சாப்பாடு சொல்லணும், சொல்லுவீகளா?"

பாஷை தெரியாத ஊரில் பதினாறு பேருக்குச் சோறு வரவழைத்தவன், தனக்கு ஒரு டப்பா சொல்லத் தெரியாதவன் என்று காரைக்குடி முழுக்க எனக்குப் பெயராகிவிட்டது, ஜப்பானுக்கு முன்பதிவு செய்ய வருகிறவர்கள் இப்போது அந்த அடையாளம் சொல்லித்தான் என் கடையை விசாரிக்கிறார்கள்.