பெரியவாப்பா கயிற்றை விட்ட கதை

பெரியவாப்பாவின் மானத்தை ஊர் கூடிய இடத்தில் வாங்கியவள் நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது.

வாப்பாவின் அண்ணனான அவர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்களோடு குடியிருந்தார். பட்டாளத்து அடையாள அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். வங்கியோ, ரேஷன் கடையோ, வாடகை வீட்டுக்காரரோ, பெயரைச் சொன்ன கையோடு அட்டையையும் நீட்டிவிடுவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்ன பெருமை இந்த மனுஷனுக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் கடலோரத் தர்காவின் கொடியேற்றத்தில் கயிறு இழுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. வழக்கமாக இழுப்பவருக்கு மூட்டுவலி. நாங்கள் தமிழ்க் குடும்பம். அதுவரை பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்தவர்கள். பெரியவாப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. மொட்டைமாடியில் பழைய ஆன்டெனா குழாயில் கயிறு கட்டி ஒரு வாரம் ஒத்திகை நடத்தினார். உம்மாவின் ஈரச்சேலைகள் ஏறின, இறங்கின. ஒன்று பக்கத்து வீட்டு மாமரத்தில் போய் மாட்டிக்கொண்டது.

"சறுக்கிச்சுன்னா அடுத்த வருசம் கூப்பிட மாட்டாங்க, பாத்துக்கிடுங்க" என்று பெரியும்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது அட்டையை மேசையிலேயே வைத்துவிட்டார். உம்மா எடுத்துக் கொடுத்தபோது, "நம்ம எடத்துக்குப் போறதுக்கு அது எதுக்கு?" என்றார்.

எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தார். கொடி உச்சிக்குப் போனால் விறைப்பாக நின்று தேசிய கீதம் பாட வேண்டும். எந்தக் கொடி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுதந்திர தினத்தன்று முன்வரிசையில் நின்று பாடியவள் வேறு.

தர்காவில் பச்சைக்கொடி உச்சியைத் தொட்டது. கயிற்றை இழுத்துக் கட்டவேண்டியதுதான் பாக்கி. ஐயோ, யாருமே பாடவில்லையே என்று எனக்குப் பதறியது. 'ஜன கண மன' என்று எடுத்தேன் பாருங்கள், தஃப் மேளம் அடித்தவர்களின் கை நின்றுவிட்டது. காவலுக்கு வந்த போலீஸ்காரர் விறைத்தார். அவரைப் பார்த்துக் கடலைக்காரர் விறைத்தார், அப்புறம் மொத்தக் கூட்டமும். பெரியவாப்பாவுக்கோ இருபது வருஷப் பழக்கம். இரண்டு கைகளும் தாமாக இறங்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டன. கயிற்றை யார் பிடிப்பது?

கொடி சரசரவென்று இறங்கி, கீழே நின்ற கமிட்டித் தலைவரின் தலையில் முக்காடாக விழுந்தது. கீதம் முடியும்வரை அசையக் கூடாதே, யார் போய் எடுப்பார்கள்? தலைவரே அசையவில்லை. நான் நிறுத்தி நிதானமாகப் பாடுகிறவள். கடைசி 'ஜய ஹே' முடிந்ததும் கொடிக்குள்ளிருந்து மலையாளத்தில் குரல் வந்தது.

"தீர்ந்நோ, மோளே?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவாப்பா மட்டும் முகம் வெளிறி, "போச்சு, எல்லாம் போச்சு" என்று முணுமுணுத்தார். தலைவர் கயிற்றை எடுத்து மறுபடி அவர் கையிலேயே கொடுத்தார். இந்தத் தடவை உம்மா என் வாயைப் பொத்திக்கொண்டதால் கொடி மேலேயே நின்றது.

போலீஸ்காரர் பக்கத்தில் வந்தார். "சாரு பட்டாளமா?"

பெரியவாப்பாவின் கை சட்டைப்பைக்குப் பாய்ந்தது. பை காலி. "கார்டு வீட்டில..." என்று தடுமாறினார்.

"கார்டு வேண்டா சாரே. ஆ நில்ப்பு ஞான் கண்டல்லோ" என்றார் போலீஸ்காரர்.

பெரியவாப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வீடு வாடகைக்குக் கேட்டுப் போய், பெயரைச் சொன்ன கையோடு, வீட்டுக்காரர் முகம் மாறும் முன்பே, அலுவலக அட்டையை நானாகவே எடுத்து நீட்டிய நாள் பின்னால் எனக்கும் வந்தது. ஏழு வயதில் என்ன தெரியும்? அட்டை கையில் இல்லாததற்கா இவ்வளவு பெரிய ஆள் அழுவார் என்று ஒரே எரிச்சல். அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அழாதீங்க பெரியவாப்பா, நாளைக்கு எடுத்துட்டு வந்து காட்டிரலாம்" என்றேன்.