மேட்டு வீட்டு நீச்சல்குளமும் எங்கள் வீட்டுக் கட்டிலும்

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தரம் வரும். அதுவும் வந்தால் வந்தது. சுவரில் மட்டும் தினமும் வந்தது. இந்த அக்கிரமத்தை யாரிடம் போய்ச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்களுடையது ஒற்றை அறை லைன் வீடு, சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டியது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் மேடு. மேட்டில் பழைய பங்களா ஒன்று பாழடைந்து கிடந்தது. பெங்களூரில் சம்பாதித்த ஒருவர் அதை வாங்கி, சனி ஞாயிறு வந்து தங்குவதற்கென்று புதுப்பித்தார். அதோடு விட்டாரா? நீச்சல்குளம் கட்டினார். தண்ணீர் லாரி மேடேறிப் போவதை நாங்கள் காலிக் குடத்தோடு நின்று பார்த்தோம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அதைக்கூட விட்டுவிடலாம். குளம் வந்த பிறகுதான் எங்கள் பின்சுவர் ஊற ஆரம்பித்தது. சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் என் வீட்டுக்காரரின் கட்டில் கிடந்தது. மைன் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர் அவர். அந்தத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. ஈரம் ஆகவே ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சுவர் ஊறியதிலிருந்து மனிதர் படுப்பதே இல்லை. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே இருமுவார்.

மேட்டு வீட்டுக்காரரிடம் நடையாய் நடந்தேன். "எங்க ஓவர்ஃப்ளோ தண்ணி பைப் வழியா நேரா ரோட்டுக் கால்வாய்க்குப் போகுதும்மா. உங்க வீட்லதான் டிரம் டிரம்மா தண்ணி வெச்சிருக்கீங்களே, அதுலேருந்து கசியுதோ என்னவோ" என்றார். குளம் வைத்திருப்பவர் அவர், கசிவது என் டிரம்மாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே இறங்கி வந்தார். குளத்தின் விளிம்பைச் சுற்றிச் சின்னதாக ஒரு வாய்க்கால் இருக்கிறது. பிள்ளைகள் குதிக்கும்போது வழிகிற தண்ணீர் அதில் விழுந்து பைப்பில் போகவேண்டும். இப்போது போகாமல் தேங்குகிறதாம். போனில் வீடியோ பார்த்துச் சல்லடையைக் கழற்றிக் கழுவினாராம், கம்பி விட்டுக் குத்தினாராம், ஒன்றும் நடக்கவில்லையாம்.

"கீழ யாரோ பைப்ப அடைச்சிருக்காங்க" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"யாருன்னு சொல்லிடுங்க சார். எதுக்கு வாய்க்குள்ளயே வெச்சினு இருக்கீங்க?" என்றேன்.

அவர் பேச்சை மாற்றினார். தண்ணீரில் சாயத்தைக் கலந்து விட்டால் அது போகிற வழி தெரிந்துவிடும், வீடியோவில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். பிறகு கொஞ்சமும் கூசாமல், "உங்ககிட்ட சொட்டு நீலம் இருக்குமா?" என்று கேட்டார். பழியும் என் மேல், அதை நிரூபிக்க நீலமும் என் வீட்டிலிருந்து. வந்த ஆத்திரத்தில் பாட்டிலோடு எடுத்துக் கொடுத்தேன்.

மேலே போய் நீலம் முழுவதையும் வாய்க்காலில் கொட்டி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் விட்டார். பிறகு இறங்கி வந்து ரோட்டோரம் என்னோடு நின்றார். கால்வாய் காய்ந்து கிடந்தது. அவருடைய பைப்பின் வாய் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் வாக்கப்பட்டு வந்த நாளாக அந்த இடத்தில் ஒரு பைப்பையும் பார்த்ததில்லை. நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம்.

"பாத்தீங்களா, அடைப்புதான்" என்றார். அவர் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "இந்தாம்மே, சார உள்ள கூட்டினு வா. அவரு நீலம் இங்க வந்துட்ச்சி."

செருப்பை வாசலில் விட்டுவிட்டு அவர் என் பின்னால் வந்தார். கட்டிலின் தலைமாட்டில், ஊறிய சுவரில், நீலம் திட்டாகப் படர்ந்து கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"மைன்ல தண்ணி ஒழுகினா பம்ப் வெப்பாங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். "இங்க நாங்க கட்டில் வெச்சிருக்கோம்."

அங்கேயே நின்று மேட்டு வீட்டுக்காரர் குளம் கட்டிய கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். பைப்பை ரோடுவரை கொண்டுபோகவே இல்லையாம். மண் உறிஞ்சிக்கொள்ளும் என்று எங்கள் சுவருக்குப் பின்னால் மண்ணிலேயே முடித்துவிட்டானாம். மண் உறிஞ்சியதோ இல்லையோ, என் வீட்டுக்காரரின் நெஞ்சு உறிஞ்சியது.

சரி, இனியாவது குளத்தை நிறுத்துவார் என்று நினைத்தேன். அவரோ, "ஆளுங்க அடுத்த வாரம்தான் வருவாங்க. இன்னைக்கு பசங்களோட ஃப்ரெண்ட்ஸெல்லாம் வந்திருக்காங்க, நிறுத்த முடியாது. அதுவரைக்கும் கட்டில அந்தப் பக்கமா மாத்திப் போட்டுக்குங்களேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரை எழுப்பி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தேன்.

"அந்தாண்ட பிடிங்க சார்."

பிடித்தார். தூக்கினோம்.

"எங்க வெக்கலாம், நீங்களே சொல்லுங்க."

அவர் ஒரு பக்கம் பார்த்தார், அடுப்பும் பாத்திரங்களும். இன்னொரு பக்கம் பீரோ, அதை ஒட்டிக் கதவு. எதிர்ச்சுவர் நெடுகத் தண்ணீர் டிரம்கள்.

"இந்த டிரம்மெல்லாம் வெளிய வெக்க முடியாதா?"

"வெக்கலாம் சார். வெளிய வெச்சா நாயி வாய வெக்கும். அப்புறம் அடுத்த தண்ணி வர வரைக்கும் நாங்க இன்னாத்த குடிக்கிறது?"

கட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இப்படியும் அப்படியும் திரும்பினார். எனக்குத் தோள் விட்டுப்போயிற்று. ஆனாலும் என் முனையை நான் இறக்கவில்லை. மேலே பிள்ளைகள் ஒன்றாகக் குதிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுவரில் புதிதாக ஒரு நீலக் கோடு இறங்கியது. அதை அவரும் பார்த்தார். வாசலில் என் வீட்டுக்காரர் இருமினார்.

"கீழ வைங்கம்மா" என்றார்.

இருந்த ஒரே இடத்தில், அறையின் நட்டநடுவில், வைத்தோம். வெளியே போக வழியில்லாமல் அவர் கட்டில் மேல் ஏறி இறங்கித்தான் போனார். செருப்பைக்கூட மறந்துவிட்டு வெறுங்காலோடு மேடேறினார். சற்று நேரத்தில் மேலே குளத்தின் பம்ப் நின்றது. பிள்ளைகளின் சத்தமும் நின்றது.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து இன்றுவரை வரவில்லை. சுவர் இன்னும் காயவில்லை. கட்டிலும் நடு அறையில்தான் கிடக்கிறது, நான் அடுப்புக்குப் போகவேண்டுமானால் அதன் மேல் ஏறி இறங்கித்தான் போகிறேன்.