குவாரித் தண்ணீரில் இறங்க ஒரு கையெழுத்து

‘பொறுப்பு’ என்ற வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் ஆறு வருடம் முக்குளிப்பு வேலை பார்த்தவன் நான். கப்பலின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் போய்ப் பார்த்துப் பழுது சொல்கிற வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் சண்டை மூண்டதும், சிலிண்டரும் முகமூடியுமாகச் செம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். திரும்பவும் வேலைக்குப் போக ஒரே நிபந்தனைதான். ஒரு வருடத்துக்குள் இத்தனை மணி நேரம் சிலிண்டர் கட்டி ஸ்கூபா இறங்கியதாக என் பதிவுப் புத்தகத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும், அனுமதி கொடுத்தவரின் கையெழுத்து. இல்லாவிட்டால் சான்றிதழ் செல்லாது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

“கடல் பக்கத்துலயே இருக்கே சார்” என்று சொல்லாத ஆள் இல்லை. நம் கடலில் கரையோரமெல்லாம் கலங்கல். படகு வைத்து உள்ளே போக எனக்கு வக்கில்லை. ஆழமாக, தெளிவாக, அசையாமல் நிற்கிற நன்னீர் வேண்டும். அது இருந்ததெல்லாம், மலையை வெடி வைத்துப் பெயர்த்துக் கல்லை அள்ளிக்கொண்டு, குழியை மட்டும் நமக்கு விட்டுப்போன குவாரிகளில்தான்.

பல்லாவரத்திலிருந்து தாம்பரம் தாண்டி ஸ்கூட்டரில் அலைந்தேன். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தேன். ஒன்றில் முழங்கால் தண்ணீர். ஒன்றில் ஊர்க் குப்பை முழுவதும். ஒன்பதாவது குவாரியில் கயிறு போய்க்கொண்டே இருந்தது. உச்சி வெயிலில் இரண்டு ஆள் ஆழத்துப் பாறைகூடத் தெரிந்தது. கரையில் ஒரு பலகை: ‘உள்ளே இறங்கத் தடை’. அந்தப் பலகைக்கு அடியிலேயே ஒரு தண்ணீர் லாரி, குழாயை உள்ளே விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“இன்னா சார், கல்லக் கட்டி மீன் புடிக்கிறியா?” என்றார் டிரைவர்.

பர்மிஷன் வாங்கி இறங்கப்போகிறேன் என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

“நா மூணு வருசமா இங்கதான் தண்ணி எடுத்துகினு கீறேன். எவன் இன்னா கேட்டான்? சும்மா குதி சார்.”

குதித்திருக்கலாம். கையெழுத்தை யார் போடுவது?

தாலுகா ஆபீஸில் கேட்டால் சுரங்கத் துறை என்றார்கள். சுரங்கத் துறையில், கல் எடுத்து முடிந்துவிட்டது, இனி அது பொதுப்பணித் துறை என்றார்கள். அவர்களோ, ஏரிதான் எங்களுடையது, குழி இல்லை என்றார்கள். பஞ்சாயத்து, போலீஸ், மறுபடி தாலுகா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமி யாரென்றே தெரியவில்லை.

“ஏதாவது ஆயிட்டா யார் சார் பொறுப்பு?” என்றார் தாலுகா ஆபீஸ் கிளார்க்.

“நான்தான் பொறுப்பு. எழுதித் தர்றேன்.”

“நீங்களே போயிட்டீங்கன்னா யார்கிட்ட சார் போய்க் கேக்கறது?”

அந்த ஆளை என்ன செய்வது? மனுவை வைத்துவிட்டு வந்தேன். இப்படியே பதினோரு மாதம் போயிற்று.

ஒரு நாள் காலையில் வாசலில் போலீஸ் ஜீப். இன்ஸ்பெக்டரே இறங்கினார். “சார், உங்ககிட்ட ஆக்சிஜன் சிலிண்டர் இருக்காமே? குவாரில ஒரு லாரி டிரைவர் முழுகிட்டான். கொக்கி போட்டுப் பாத்தாச்சு, கிடைக்கல.”

“எனக்குத்தான் அங்கே இறங்க அனுமதி கிடையாதே?”

“அனுமதியாவது ஒண்ணாவது! உயிர் விஷயம் சார், ஏறுங்க.”

எனக்கு வந்த கோபத்தை முழுங்கிக்கொண்டு, சிலிண்டர், முகமூடி, பதிவுப் புத்தகத்தோடு ஏறினேன். அதே பலகை, அதே லாரி. லாரிச் சக்கரத்தில் சாய்ந்து டிரைவரின் சம்சாரம் உட்கார்ந்திருந்தார். குழாய் எதிலோ மாட்டிக்கொண்டதாம், விடுவிக்க இறங்கினாராம். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. “உள்ள எங்கனா பாறையப் புட்சிகினு இருப்பாரு, இல்லண்ணா?” என்று கேட்டார். முகமூடியை மாட்டிக்கொண்டேன்.

அடியில், குவாரிக்காரர்கள் விட்டுப்போன இரும்புக் கம்பிக் கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது. அதில்தான் குழாய் சிக்கியிருந்தது, அதில்தான் அவர் காலும். ஒரே ஒரு தடவை என்னை இறங்க விட்டிருந்தால் அந்தக் கம்பியைப் பார்த்திருப்பேன். ‘அங்கே காலை வைக்காதே’ என்று அந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். தண்ணீருக்குள் அழ முடியாது, முகமூடி மங்கிவிடும். காலை விடுவித்து மேலே கொண்டுவந்தேன். அந்த அம்மா போட்ட சத்தம் குழியின் நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்தது.

நான் துவட்டத் துண்டுகூட எடுக்கவில்லை, இன்ஸ்பெக்டர் வெள்ளைத்தாளை நீட்டினார். “ஃபார்மாலிட்டி சார். யார் அனுமதியும் இல்லாம, சொந்தப் பொறுப்புல இறங்கினேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க.” இந்த ஊரில் எழுதிக் குடுங்க என்றால் கை தானாக எழுதிவிடும். ஜீப் பானட் மேல் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன், மடையன். பிறகு என் பதிவுப் புத்தகத்தை நீட்டினேன். “சார், இந்தக் கடைசிக் கட்டத்துல நீங்க ஒரு கையெழுத்து.”

“ஐயோ, அது எனக்கு எதுக்கு சார் வம்பு” என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

சான்றிதழ் காலாவதியாக நாலு நாள் இருக்கும்போது என் மனுவுக்குப் பதில் வந்தது. ‘மேற்படி குவாரியில் உயிரிழப்பு நேர்ந்துள்ளதாலும், மனுதாரர் அனுமதியின்றி நீரில் இறங்கியதைத் தாமே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளதாலும், மனு நிராகரிக்கப்படுகிறது.’ இணைப்பு ஒன்று.

இணைப்பு என் கடிதத்தின் நகல். அன்றைக்கு என் ஈரக்கை பட்டுக் கையெழுத்து கலங்கியிருந்தது. அந்தக் கறையைக்கூட விடாமல் நகல் எடுத்து அனுப்பியிருந்தார்கள், பாவிகள்.