மிஸ்ரியா எட்டுப் போட்ட கதை

மிஸ்ரியாவுக்கு நாற்பத்தோரு வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஸ்கூட்டி என்றால் தென்காசியில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இது கியர் வண்டி. புர்கா போட்ட பெண்ணொருத்தி காலால் கியரை மிதித்துக்கொண்டு போனால் டீக்கடையில் பாதிப் பேச்சு நின்றுவிடும். நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். தெருவுக்குப் பயந்தால் அவள் காரியம் நடக்காது.

காரியம் இதுதான். அவள் புருஷன் நாசர் பத்தொன்பது வருஷமாகச் சவுதியில், தம்மாமில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் டிரைவர். விடியுமுன்னே குப்பூஸ் ரொட்டியை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போடுகிற வேலை. போன வருஷம் சர்க்கரை கண்ணைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் இனி வண்டி ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனிக்காரன் அவரை வேனிலிருந்து இறக்கி, ரொட்டி ஏற்றும் இடத்தில் தட்டு எண்ணுகிற வேலைக்குப் போட்டான். மே மாதத்தோடு விசா முடிகிறது. அதன்பின் மொத்தமாக ஊர்தான்.

ஊரில் அவருடைய பைக் ஒன்று நின்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் ஓடும். மீதி நாளெல்லாம் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு வீட்டு முன்கட்டில் நிற்கும். அதை விற்றுவிடலாமா என்று மிஸ்ரியா போனில் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

“எதுக்கு விக்கணும்? நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கிடுதேன்” என்றார் நாசர்.

“நானா? விளையாடுதீங்களா மச்சான்?”

“நெசமாத்தான் சொல்லுதேன் ஏட்டி. நான் வார அன்னைக்கு நீதான் ஸ்டேஷனுக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போகணும். நீ லைசென்ஸ் இல்லாம வந்தேன்னு வையி, நான் ஏறவே மாட்டேன். ஆட்டோ பிடிச்சுப் போயிருவேன்.”

லைசென்ஸ் விஷயத்தில் அவர் அப்படித்தான். சவுதி லைசென்ஸுக்கு ஐந்து தடவை தோற்று, ஆறாவது தடவை வாங்கியவர். ஓட்டத் தெரிந்தால் போதும், காகிதம் எதற்கு என்று பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அங்கிருந்தபடியே போனில் இவளுடைய விண்ணப்பத்தைத் தானே பூர்த்தி செய்து அனுப்பினார். ஜனவரி பத்தாம் தேதி எல்.எல்.ஆர். கைக்கு வந்தது. ஆறு மாதம் செல்லும். அதற்குள் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும்.

இன்னொரு ஆசையும் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு சீசனுக்குக்கூட நாசர் ஊரில் இருந்ததில்லை. லீவு எப்போதும் டிசம்பரிலோ ஜனவரியிலோதான் கிடைக்கும். சாரலடிக்கும் ஜூன், ஜூலையில் வெளியூர்க்காரனெல்லாம் வேன் பிடித்து வந்து குற்றாலத்தில் குளித்துப் போவான். பக்கத்திலேயே குடியிருக்கிற இவர்கள் ஜோடியாகப் போனதே இல்லை. இந்த வருஷம் ஐந்தருவிக்குப் பைக்கில் போவது என்று முடிவாகியிருந்தது.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற கடற்கரை அண்ணாச்சி கிளட்ச் எது, பிரேக் எது என்று நாலு நாள் சொல்லிக்கொடுத்தார். மீதியைச் சொல்லிக்கொடுத்தது நாசர்தான். இலஞ்சி ரோட்டில் மனை போட்டு விலைபோகாமல் கிடந்த இடத்தில், பெயின்ட் அடித்த எல்லைக் கல் இரண்டைச் சுற்றி அவள் எட்டுப் போட்டுப் பழகினாள். காலை ஆறரை மணிக்கு இங்கே அவள் வண்டியை எடுக்கும்போது அங்கே மணி நாலு. ரொட்டி வெந்து வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். தான் ஓட்டிய அந்தப் பழைய வேனிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு நாசர் கூப்பிடுவார். அவள் போனைத் தலைத்துணிக்குள் காதோரம் செருகிக்கொள்வாள். மைதானமாகக் கிடந்ததால் சரிதான், ரோட்டில் அப்படிப் போகக்கூடாது என்று அதற்கும் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார்.

“கிளட்ச்சை மெள்ள விடு. கோழிக்குஞ்சைக் கீழ விடுத மாதிரி விடணும்” என்பார். அவள் படக்கென்று விடுவாள். வண்டி குலுங்கி நின்றுபோகும். அந்தச் சத்தம் கேட்டுச் சிரிப்பார்.

“சிரிச்சீங்கன்னா நான் வீட்டுக்குப் போயிருவேன்.”

“சரி, சிரிக்கல. எடு. எடுக்கதுக்கு முன்னால என்ன சொல்லணும்?”

பின்னால் இருக்கிற ஆளிடம் சொல்லாமல் வண்டியை எடுக்கக்கூடாது என்பது அவர் சட்டம். அவள் காலி சீட்டைப் பார்த்து, “நல்லாப் பிடிச்சுக்கோங்க மச்சான்” என்பாள். “பிடிச்சிட்டேன், போ” என்று காதுக்குள் பதில் வரும். வெட்கமாக இருக்கும். இத்தனை வயதுக்குமேல் இதென்ன கூத்து என்று தோன்றும். ஆனாலும் அவள் ஆயுசிலேயே அந்த ஐந்தாறு வாரம்தான் புருஷனோடு சேர்ந்து ஒரு வேலை செய்த காலம்.

எட்டுத்தான் வசப்படவில்லை. இரண்டாவது கல்லில் திரும்பும்போது கால் தானாகத் தரைக்குப் போய்விடும். கால் ஊன்றினால் பெயில்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலையில் ஊன்றவில்லை. முதல் கல்லைச் சுற்றினாள், இரண்டாவதையும் சுற்றினாள், புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றாள். “மச்சான்! கால் ஊன்றாமப் போட்டுட்டேன் மச்சான்!” என்று கத்தினாள்.

பதில் இல்லை.

“கேக்குதா? மச்சான்?”

போனை எடுத்துப் பார்த்தாள். லைன் இருந்தது. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. வளைகுடாவுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கு இது பழக்கம்தான். நல்ல செய்தி சொல்லும்போதுதான் குரல் போகும். கட் பண்ணிவிட்டு அப்புறம் கூப்பிட்டால் சரியாகிவிடும். “எழவு நெட்வொர்க்கு” என்று சலித்துக்கொண்டு மிஸ்ரியா லைனைக் கட் பண்ணினாள். வீட்டுக்கு வந்து மாமிக்கு, நாசரைப் பெற்றவளுக்கு, இட்லி ஊற்றினாள். இரண்டு தடவை கூப்பிட்டாள், மணி மட்டும் அடித்தது. ரொட்டி ஏற்றுகிற நேரம், எடுக்க மாட்டார் என்று துணியை ஊறவைத்தாள்.

பதினொரு மணிக்கு யஹ்யா பேசினான். வடகரைக்காரன், நாசரோடு ஒரே ரூமில் இருப்பவன். ரொட்டி ஏற்ற வந்த ஆட்கள் வேனுக்குள் பார்த்தபோது நாசர் சீட்டில் சாய்ந்து கிடந்தாராம். நெஞ்சு நின்றுபோய் ஒன்றரை மணி நேரமாவது இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கையில் போன் இருந்ததாம்.

அங்கேயே அடக்கம் செய்வதென்று பெரியவர்கள் பேசி முடிவெடுத்தார்கள். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டாள். அடக்கத்தை யஹ்யா போனில் காட்டினான். வெள்ளைத் துணியும் மண்ணும் நிறைய ஆண்களின் முதுகுகளும் தெரிந்தன. முகத்தைக் காட்டும்போது படம் உறைந்துவிட்டது. அப்போது அது நிஜமாகவே நெட்வொர்க்தான்.

நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா. புருஷனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்கிற காலம். மிஸ்ரியா உள்ளறையில் இருந்தாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் அழுதார்கள், அவளும் அழுதாள். ஆனால் லைனைக் கட் பண்ணியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால்? அடுத்த நிமிஷமே யஹ்யாவை அழைத்து, வேனுக்குள் போய்ப் பார் என்று சொல்லியிருந்தால்? நாள் முழுக்க இதே நினைப்பு அறுத்தது. அதைவிடச் சின்னதாக இன்னொன்று, அதுதான் தூங்கவிடாது. அவள் எட்டுப் போட்டுவிட்டேன் என்று கத்தியதை அவர் கேட்டாரா?

ஜூன் கடைசியில் இத்தா முடிந்தது. மறுநாளே கடற்கரை அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். உள்ளே வராமல், மாமியிடம் சங்கடத்தோடு சொன்னார்.

“கேக்கக்கூடாத நேரந்தான் ஆச்சி. அந்த எல்.எல்.ஆர். ஜூலை ஒன்பதோட செல்லாது. அதுக்குப் பிறகு புதுசா எழுதிப்போட்டு முதல்ல இருந்து தொடங்கணும். விட்டுரலாம்னா விட்டுரலாம்.”

மாமி ஜாஹிரா பீவி லேசில் பேசுகிறவள் இல்லை. மகன் செத்த பிறகு சுத்தமாகவே பேச்சை நிறுத்தியிருந்தாள். அன்று எழுந்துபோய் பைக்மேல் கிடந்த சேலையை உருவினாள். “அவன் ஆரம்பிச்சு வச்ச வேலை பாதியில நிக்குது. போயி முடிச்சிட்டு வா” என்றாள்.

ஜூலை மூன்றாம் தேதி. சீசன் களைகட்டியிருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம் சாரலில் நனைந்து கிடந்தது. வரிசையில் இருந்த பையன்களில் இரண்டு பேர் கால் ஊன்றிவிட்டார்கள். மிஸ்ரியா ஹெல்மெட்டைக் கையில் எடுத்தபோது இன்ஸ்பெக்டர் அருகே வந்தார்.

“தலைத்துணிக்குள்ள என்னம்மா அது? போனா? எடுங்க வெளிய. யாரு சொல்லித் தாராங்க?”

அவளே அப்போதுதான் தொட்டுப் பார்த்தாள். போன் காதோரம் இருந்தது. எப்போது செருகினாள் என்று தெரியவில்லை. பழகிய கை செய்த வேலை. “யாரும் இல்ல சார்” என்றாள். இன்ஸ்பெக்டர் போனை வாங்கித் திரையைப் பார்த்தார். லைனில் ஒருவரும் இல்லை. அதைக் கடற்கரை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு, “எடுங்க” என்றார்.

எடுத்தாள். கிளட்ச்சை மெள்ள விட்டாள். ஈர மண்ணில் முதல் வளைவு, இரண்டாவது வளைவு. கால் தரைக்குப் போகவில்லை. புறப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தி வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள். பாஸ் என்று சொன்னார்கள். அவள் அழுததைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஒரு பையன் கைதட்டினான்.

இரண்டு வாரம் கழித்து, லைசென்ஸ் தபாலில் வந்த மூன்றாம் நாள், யஹ்யா லீவில் வந்தான். நாசருடைய சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வருவதாகவும், ஆட்டோவில் வீட்டிலேயே இறக்கிவிடுவதாகவும் சென்னையிலிருந்து சொன்னான். “வேண்டாம் யஹ்யா. நான் ஸ்டேஷனுக்கு வாரேன்” என்றாள் மிஸ்ரியா.

காலை ரயில் வந்தது. யஹ்யா தலையில் பெட்டியும் கையில் ஒரு புது ஹெல்மெட்டுமாக வெளியே வந்தான். பெட்டியைப் பின் சீட்டில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான்.

“யஹ்யா, அன்னைக்கு லைன் இருந்துச்சு. நெட்வொர்க்குன்னு நெனச்சு நான்தான் கட் பண்ணிட்டேன்” என்றாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அதை ஒருவரிடம் சொல்கிறாள்.

யஹ்யா கயிற்று முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினான். “நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன் மதினி” என்றான். பிறகு ஹெல்மெட்டை நீட்டினான். “இது பெட்டியில அடங்கல.”

அவள் போட்டுப் பார்த்தாள். பெரிதாக இருந்தது, கண்வரை இறங்கியது. “அளவு தெரியாம வாங்கிட்டாங்களே” என்றாள்.

“உங்களுக்கு இல்ல மதினி. அண்ணன் அவருக்கு வாங்குனது. பின்னால உக்காரதுக்கு. ‘ஓட்டப்போறது என் பொண்டாட்டி. எனக்கு உசுரு மேல ஆசை இருக்குல்ல’ன்னு ரூம்ல எல்லாரையும் சிரிக்க வச்சாரு.”

மிஸ்ரியா அதைக் கழற்றிப் பெட்டியின் மேலே வைத்து, வாரைக் கயிற்றோடு சேர்த்து மாட்டினாள். தன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். குற்றாலம் போகிற வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. சாரல் விழுந்தது. கிளட்ச்சைப் பிடித்து, முதல் கியரை மிதித்தாள்.

“நல்லாப் பிடிச்சுக்கோங்க மச்சான்.”

சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். கிளட்ச் கையிலிருந்து நழுவி வண்டி குலுங்கி நின்றுபோனது. யாரும் சிரிக்கவில்லை. நெட்வொர்க் இல்லை என்று இந்தத் தடவை அவளால் நினைத்துக்கொள்ள முடியவில்லை.