கால் கிலோவுக்கு ஒரு கிராம் குறைவு

போன ஞாயிற்றுக்கிழமை ஆலுவாவில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு அம்மா என் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"நீங்கதானே பேப்பர்ல வாராவாரம் எழுதற ஆளு? அந்த முளைப்பாரிப் படம் போட்டீங்களே... லாமினேட் பண்ணி ஹால்ல மாட்டியிருக்கேன். வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க. அந்த மாதிரி இன்னொண்ணு போடுங்க!"

எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நான் பாயசத்தைத் தொடவில்லை. "சரிம்மா... பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டேன்.

அந்தப் படத்தின் கதையை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாக வேறு என்னென்னவோ எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கென்று ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. சின்னக் கோயில்தான். கமிட்டிக்கு நான் செயலாளர் – வேறு யாரும் வரமாட்டேன் என்றதால். கார்ப்பரேஷனில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன் இல்லையா? பெர்மிஷன் வாங்குகிற வேலை எல்லாம் என் தலையில். பந்தலுக்குப் பெர்மிஷன், மைக்குக்குப் பெர்மிஷன், ஊர்வலத்துக்குப் பெர்மிஷன்... எல்லாம் தேதிவாரியாக ஃபைலில் இருக்கும். "மாமா கையில கொடுத்தா பேப்பர் எல்லாம் கிளியர்" என்று தெருவில் எனக்கு ஒரு பேர். அந்தப் பேர்தான் வினையாக முடிந்தது.

சித்திரைத் திருவிழாவில் முளைப்பாரி ஊர்வலத்தைப் பற்றி வருஷா வருஷம் இங்கே எழுதுவேன். படம் மட்டும் அமையவே அமையாது. சந்து அவ்வளவு குறுகல். முன்னால் நின்று எடுத்தால் முதல் நாலு பேர்தான் தெரிவார்கள். பின்னால் நின்றால் எல்லாம் முதுகு. ஆனால் முளைப்பாரி தலைமேல் போகிற சமாச்சாரம். அதை மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? இந்த ஆசை ரொம்ப நாளாக எனக்கு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கண்ணன் வீட்டுக்கு ஒரு ட்ரோன் வந்து சேர்ந்தது.

கண்ணன் எங்கள் தெருக்காரன். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே காலத்தில் இந்த ஊர்த் தெருக்களைப் பெருக்கிய கார்ப்பரேஷன் தொழிலாளிகள். இவன் ஏ.சி. மெக்கானிக். தோப்பும்படிப் பாலம் தாண்டினால் தீவில் கடற்படைத் தளம் இருக்கிறதே, அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் பதினோரு வருஷமாக வேலை. உள்ளே போக போட்டோ ஒட்டிய ஒரு பாஸ் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பாஸ் இருந்தால் வேலை. பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

துபாயிலிருந்து வந்த மச்சான் அந்த ட்ரோனைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் கண்ணனுக்கும் ஆசைதான். ஆனாலும் ஒரு தயக்கம்.

"எடுக்கலாம் மாமா. பக்ஷே, இதுக்குப் பெர்மிஷன் ஒண்ணும் வேண்டாமா? நான் அக்கரையில வேலை செய்யற ஆளு. பின்னே குழப்பம் ஆகக் கூடாது, கேட்டீங்களா?"

கேட்டானா, இல்லையா? கேட்டான். யாரிடம் கேட்டான்? பெர்மிஷன் விஷயத்தில் தெருவிலேயே பெரிய புலியிடம்!

புலி உடனே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் தேடியது. இருநூற்றைம்பது கிராமும் அதற்குக் கீழும் உள்ள ட்ரோனை ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை என்று போட்டிருந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். அதற்குக் கீழே படிக்க இன்னும் நிறைய இருந்தது.

ஆனால் நான் சும்மா வாய்ச்சொல்லை நம்புகிற ஆளா? கிளார்க் ஆயிற்றே! கண்ணனைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன். அங்கே ஏலக்காய்க் கடை பஷீர் எனக்குப் பழக்கம். கிராம் பிசகாமல் நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு அவர் கடையில் இருக்கிறது. ஏலக்காயை ஓரமாகத் தள்ளிவிட்டு ட்ரோனை வைத்தோம். 249. கால் கிலோவுக்கு ஒரு கிராம் குறைவு.

"இது ஏலக்காயா இருந்தா நான் ஒரு கிராம் சேர்த்துப் போட்டிருப்பேன்" என்றார் பஷீர். எல்லாரும் சிரித்தோம். சாயா வாங்கிக் கொடுத்தார்.

கண்ணனுக்கு இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "ஏர்போர்ட் பக்கத்துல பறத்தக் கூடாதுன்னு கூட வேலை செய்யற சேட்டன் ஒருத்தர் பறஞ்சாரே மாமா?"

"ஏர்போர்ட்டா? டேய், நெடும்பாசேரி எங்க இருக்கு, மட்டாஞ்சேரி எங்க இருக்கு? ஆலுவா தாண்டிப் போகணும். நீ இங்கேருந்து கல்லெறிஞ்சா அங்க விழுமா?"

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்தத் தவறைச் செய்ய ஒருவன் கொச்சிக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஏர்போர்ட் என்றால் எங்களுக்கு எதிரே இருக்கிற தீவுதான். கடற்படையின் ஓடுபாதையிலேயே பயணிகள் விமானமும் இறங்கும். பிறகு நெடும்பாசேரியில் புது ஏர்போர்ட் வந்தது. பயணிகள் விமானம் அங்கே போயிற்று. 'ஏர்போர்ட்' என்ற சொல்லையும் நாங்கள் பின்னாலேயே அனுப்பிவைத்துவிட்டோம். தீவில் இருப்பது வெறும் 'நேவல் பேஸ்' ஆகிவிட்டது.

ஆனால் ஓடுபாதை எங்கே போகும்? அங்கேயேதான் இருக்கிறது. கடற்படை விமானமும் ஹெலிகாப்டரும் தினசரி ஏறி இறங்குகின்றன. என் மொட்டைமாடி வற்றலுக்கு மேலேதான் பறக்கின்றன. சத்தம் வந்தால் டி.வி. வால்யூமைக் கூட்டுவோம். அவ்வளவு பழக்கம். பழகிப்போனதால் காதிலும் விழவில்லை, புத்தியிலும் ஏறவில்லை.

கண்ணன் 'அக்கரையில வேலை செய்யற ஆளு' என்று வாய்விட்டுச் சொன்னான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் என் மொட்டைமாடியிலிருந்து ட்ரோன் கிளம்பியது. இரண்டு தென்னை உயரம் இருக்கும். காக்காய்க் கூட்டம் ஒன்று துரத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. மொத்தமே ஐந்து நிமிஷம்தான்.

படம் எப்படி வந்தது என்பது உங்களுக்கே தெரியும். மஞ்சள் சேலைகளின் நடுவே வட்ட வட்டமாகப் பச்சை. ஒரு முகம்கூடத் தெரியாது, முளைப்பாரி மட்டும் வரிசையாகப் போகும். அதைப் போனில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. பொய் சொல்லமாட்டேன்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது கண்ணன் சொன்னான்: "என் பேரு ஒண்ணும் போட வேண்டாம் மாமா."

"உழைச்சவன் பேர் போடாம இருக்கறது பாவம்டா" என்றேன் நான். பெருந்தன்மை! படத்துக்குக் கீழே பேர், தெரு, அவன் பார்க்கிற வேலை – 'ஏ.சி. மெக்கானிக்காகப் பணிபுரியும் எங்கள் கண்ணன் ட்ரோனில் எடுத்தது' – எல்லாம் என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

கண்ணன் படித்தது மலையாளம் மீடியம். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலை வைத்து 'க... ண்... ண... ன்...' என்று தன் பேரைப் படித்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது.

அடுத்த மாதம் பாஸ் புதுப்பிக்கப் போனான். பாஸ் ஆபீசில் இருந்தவர் தமிழ்க்காரர். மேஜைமேல் என் பத்தியின் பிரின்ட் அவுட். யாரோ வாட்ஸ்அப்பில் பெருமையாகச் சுற்றவிட்டது அவர்வரைக்கும் போயிருக்கிறது.

"இது நீதானே?" என்று கேட்டிருக்கிறார். அவன் "ஆமாம்" என்று சொல்லியிருக்கிறான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

அன்றைக்குத்தான் நான் மிச்சத்தையும் படித்தேன். லைசென்ஸ் வேறு, பறக்கவிட அனுமதி வேறு. சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதற்காக ரன்வேயில் ஓட்டலாமா? அரசாங்கத்தின் இணையதளத்தில் ஒரு வரைபடமே இருக்கிறது. பச்சை என்றால் சொன்ன உயரத்துக்குள் பறக்கவிடலாம். மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசே அனுமதித்தால்தான் உண்டு. கால் கிலோவானாலும் சரி, கால் டன்னானாலும் சரி. என் தெருவைத் தேடிப் பெரிதாக்கினேன். கோயில், மொட்டைமாடி, பஷீர் கடை... எல்லாமே சிவப்பு.

பாஸ் ஆபீசிலிருந்து விஷயம் போலீசுக்குப் போயிற்று. ஸ்டேஷனுக்கு அவனோடு நானும் போனேன். எஸ்.ஐ. நல்ல மனுஷர். "படம் கொள்ளாம், சேட்டா" என்று பாராட்டினார். பாராட்டிவிட்டுக் கேஸ் எழுதினார். ட்ரோனை ஒரு கவரில் போட்டு ஒட்டி உள்ளே வைத்தார்கள்.

"நான்தான் சொன்னேன் சார், தப்பு என்னுடையது" என்றேன்.

"சேட்டன் சொன்னது சரி. ஆனா பறத்தினது அவன் இல்லையா?"

பாஸ் ஆபீசுக்கும் போனேன். இரண்டு பக்கம் மனு எழுதிக்கொண்டுதான். மனு எழுதுவது எனக்குக் கைவந்த கலை ஆயிற்றே! அந்தத் தமிழ்க்காரர் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"சார், ஒரு பறவை மோதினாலே எஞ்சின் போயிடும். ட்ரோனுக்குள்ள பேட்டரி வேற இருக்கு. விமானத்துல இருக்கறவனுக்கும் வீட்ல பிள்ளைகுட்டி இருக்கில்ல? கேஸ் முடியற வரைக்கும் பாஸ் கொடுக்க முடியாது. என் கையில இல்ல, சார்."

முப்பது வருஷம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே வாக்கியத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

கான்ட்ராக்டர் ஒரு மாதம் பார்த்தார். பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். கண்ணன் இப்போது ஏலூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறான். தினக்கூலி. பாலம் தாண்டினால் வேலை என்று இருந்தவனுக்கு இப்போது இரண்டு பஸ். விடிந்ததும் கிளம்பினால் அவன் மகள் தூங்கும் நேரத்துக்குத்தான் திரும்பி வருகிறான்.

அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் மனைவி சுமதிதான் ஒருநாள், குழாயடியில், குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பேரைப் போடாம இருந்திருக்கலாம், மாமா. அவரு அன்னிக்கே பறஞ்சாருல்ல..."

ஆமாம். பறஞ்சான். பெர்மிஷன் வேண்டாமா என்று கேட்டான், ஏர்போர்ட் இல்லையா என்று கேட்டான், பேர் வேண்டாம் என்றான். மூன்று முறையும் அவன் சரி. மூன்று முறையும் நான் பெரியமனுஷன்.

எனக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. எழுதினவனுக்கு நோட்டீஸ் கிடையாது. பாராட்டு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது... பந்தியில்கூட.

ஆலுவாவிலிருந்து திரும்பியதும் அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். எத்தனையோ முறை பார்த்த படம்தான். கேமரா கொஞ்சம் சாய்ந்திருந்ததால் மேல் மூலையில் காயல் தெரிகிறது, காயலுக்கு அப்பால் தீவு. தீவில் சாம்பல் நிறத்தில் நேராக ஒரு கோடு. இவ்வளவு நாளும் அது ஏதோ ரோடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டுக்கும் ஒரு மச்சான் ட்ரோன் கொண்டுவந்திருக்கலாம். எடை போடுவதற்கு முன்னால் அந்த வரைபடத்தைப் பாருங்கள். என்னைப் போன்ற ஆளிடம் கேட்காதீர்கள்.

ஸ்டேஷனில் 'தப்பு என்னுடையது' என்றேன். பாஸ் ஆபீசில் எழுதியே கொடுத்தேன். இதோ, உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கண்ணனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ரூல் எவ்வளவு குழப்பமானது என்று அவனுக்கு இரண்டு முறை விளக்கினேன். அவ்வளவுதான்.

இந்தப் பத்தியை அவன் படிக்கப்போவதில்லை, எழுத்துக்கூட்டி இவ்வளவு தூரம் வர அவனுக்கு நேரமும் இல்லை... அதனால்தானோ என்னவோ, இதை எழுத எனக்கு இவ்வளவு சுலபமாக இருந்தது!